சாகோ லேனிலிருந்து ஊட்ரம் வரை

சிங்கப்பூர் சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், பக்கத்திலிருந்த சாகோ லேன் பக்கம் அம்மா எங்களைத் திரும்பவே விடமாட்டார். அது சாவு வீடுகளின் தெரு. மேல்மாடியில் நோய் முற்றியவர்கள் கிடப்பார்கள், கீழே ஈமச்சடங்கு நடக்கும். குடியிருக்கும் இடத்தில் சாவு விழுந்தால் ஆகாது என்று நம்பிய காலம். ஒண்டுக் குடித்தன அறைகளில் சாகக்கூட இடமில்லை. 1961இல் அரசு அந்த வீடுகளைத் தடைசெய்தது. இன்று அங்கே, 2007இல் திறந்த புத்தர் பல் ஆலயத்தின் முன் சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்களில் சீனாவிலிருந்து தனியாகக் கப்பலேறி வந்த பெண்களும் உண்டு. வீட்டுவேலை பார்த்த ஆமாக்கள், கட்டட வேலை செய்த சம்சுய் பெண்கள். கல்யாணமே வேண்டாம் என்று சபதம் எடுத்த ஆமாக்களுக்கு இந்த ஊரில் தோழிகள்தான் சொந்தம். சேர்ந்து அறை எடுத்தார்கள், ஒருத்திக்கு முடியாமல் போனால் மற்றவள் பார்த்துக்கொண்டாள். வைத்தியம் அதிகம் கிடைக்காத காலத்தில் ஆள் துணை கிடைத்திருக்கிறது.

இன்று சைனாடவுனுக்கு அடுத்த ரயில் நிலையம் ஊட்ரம் பார்க். 1999இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் நிலையம் அங்கேதான். மார்பகப் புற்றுக்கு என் தோழி அங்கே கீமோ எடுக்கிறாள். மருந்துக்குக் குறைவில்லை. ஆனால் அவளோடு தேக்காவில் தீபாவளிப் புடவை எடுத்தவர்கள், “தொந்தரவு பண்ண வேணாம்னுதான் வரல” என்கிறார்கள். முள்சீத்தா இலைக் கஷாயம் குடிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் செய்தி மட்டும் வருகிறது. எனக்கு மனசு ஆறவே இல்லை. மருத்துவரைக் கேட்காமல் குடிக்கிற கஷாயம் கீமோ மருந்தின் வேலையைக் கெடுத்துவிடலாம்.

“ஏதாவது வேணுமான்னு கேக்காதடி, யோசிக்கவே தெம்பில்ல” என்றாள் ஒருநாள். அதிலிருந்து, “மார்க்கெட்ல இருக்கேன், கீரை வாங்கிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். மருந்து ஏறிய பின் சில நாட்களுக்கு எவர்சில்வர் கரண்டியை வாயில் வைத்தாலே இரும்பு ருசி தட்டுகிறதாம். பிளாஸ்டிக் கரண்டிதான் சரிப்படுகிறது. தாளிக்கிற வாசனை குமட்டுகிறது, ஆறிய இட்லி இறங்குகிறது. எனக்குச் சளி என்றால் போகமாட்டேன், போனில் பேசுவேன். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலே அவளை உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவளுடைய மகனுக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

நோயைப் பற்றி அவளாகப் பேச்செடுத்தால் கேட்டுக்கொள்வேன். “நீ தைரியசாலி” என்று யாராவது சொன்னால் அவளுக்கு அழுகை வந்துவிடுகிறது, அதனால் அதைச் சொல்வதில்லை. பெரும்பாலும் வசந்தம் டிவி நாடகத்தில் வரும் மாமியாரைத் திட்டுவோம். அதில் அவளுக்கு இன்னும் நல்ல தெம்பு இருக்கிறது.

வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்கள் ஏறியிருந்தால் மறுநாளே அடுத்த கீமோ. மகனுக்கு வேலை, நான்தான் கூடப் போகிறேன்.