சாக்கடைக்கு ஒரு சி.இ.ஓ.

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்தது. திட்டம்தான் முடிந்தது, அதற்காகப் பிறந்த கம்பெனி முடியவில்லை. கலைத்துவிடாதீர்கள், வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று டெல்லி மாநிலங்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறது. கம்பெனி இருந்தால் அதற்குத் தலைமைச் செயல் அதிகாரி என்று ஒருவர் இருந்தாக வேண்டும். ஆக, நூறு நகரங்களின் முன்னாலும் இப்போது ஒரு கேள்வி நிற்கிறது. மேயருக்கும் கமிஷனருக்கும் நடுவில் போட்ட அந்த நாற்காலியை நிரந்தரமாக்குவதா, எடுத்துவிடுவதா?

எங்கள் நெல்லை வண்ணார்பேட்டைக்காரனைக் கேட்டால் எடுக்கவே வேண்டாம், கூட நாலு போடுங்கள் என்பான். சாக்கடை தாமிரபரணி ஆற்றில் விழும்போது யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிற ஊரில், கேட்பதற்குப் புதிதாக ஒருவர் கிடைத்தால் கசக்குமா? அவரும் ‘அது என் பொறுப்பில் வராது’ என்றுதான் சொல்லுவார். புது வாயால் கேட்கிற சுகம் ஒன்று இருக்கிறதே.

பேராத்துச்செல்வி அம்மன் கோயில் பக்கம் காலையில் ஆற்றுக்குப் போய்ப் பாருங்கள். குளிக்க வருகிறவர் உடனே இறங்க மாட்டார். நுரை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று படியிலேயே நின்று பார்ப்பார். முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் மேலாக மிதக்கிறதை இரண்டு கையாலும் விலக்கிவிட்டு, வாயையும் கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு ஒரே முங்கு. பக்கத்தில் சோப்புப் போடுகிறவர் அனுபவஸ்தர். “அந்தாக்ல தள்ளி முங்குங்க அண்ணாச்சி, இங்கன ஓடைத் தண்ணில்லா வருது” என்று இலவச ஆலோசனை வழங்குவார். கோடிகளில் கட்டணம் வாங்கும் எந்தக் கன்சல்டன்ட்டும் தாமிரபரணியைப் பற்றி இத்தனை துல்லியமாக ஓர் அறிக்கை கொடுத்ததில்லை.

பொறுப்பைப் பிரித்திருக்கிற அழகைப் பாருங்கள். ஆறு நீர்வளத் துறையுடையது. அதில் விழுகிற சாக்கடை மாநகராட்சியுடையது. பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிப்பது குடிநீர் வடிகால் வாரியம். தண்ணீர் கெட்டுவிட்டதா என்று சோதிக்க இன்னொரு வாரியம். நாற்றம் மட்டும் எங்களுடையது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இரண்டு பேர் நேரில் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாக்கடையைப் பார்க்க நீதிபதி வர வேண்டியிருக்கிற ஊரில் அதிகாரிகளின் எண்ணிக்கை குறைவு என்று எந்த மடையன் சொன்னான்?

அந்தக் கம்பெனி பிறந்த ஜாதகத்தையும் சொல்ல வேண்டும். 2017 ஜூனில் திருநெல்வேலி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. அப்போது மாநகராட்சியில் கவுன்சிலர்களே கிடையாது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கும் மேல் ஊரில் ஓட்டு வாங்கி வந்தவர் ஒருவர்கூட இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நகரத்துக்கு 1,000 கோடி என்ற கணக்கில், பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு என்று ஒரு திட்டம் வந்து இறங்கியது. கேள்வி கேட்க ஆளில்லாத சபையில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதில் ஆச்சரியம் என்ன?

மத்திய அரசின் வழிகாட்டு நெறியை ஒரு தடவை படித்துப் பார்த்தால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. சி.இ.ஓ.வுக்கு மூன்று வருஷம் நிச்சயமான பதவிக்காலம். நடுவில் நீக்க வேண்டுமானால் டெல்லியின் முன் அனுமதி வேண்டும். மாமன்றத்தின் அதிகாரங்களை அவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்றும் ஊக்கம் தருகிறது. மேயர் பாடு எப்படி? நெல்லையில் 2024 ஜனவரியில் மேயர் மீது சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தார்கள். ஓட்டுப் போட வேண்டிய நாளில் ஒருவரும் வரவில்லை. ஜூலையில் மேயர் ராஜினாமா செய்தார். ஓட்டு வாங்கியவர் ஆறு மாதத்தில் வீட்டுக்குப் போகலாம், ஓட்டே வாங்காதவரை அசைக்க டெல்லிக்கு எழுத வேண்டும். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சிக்கு உயிர் கொடுத்தது என்று பள்ளிக்கூடத்தில் இன்னும் சொல்லிக் கொடுக்கிறார்கள், பாவம்.

நவி மும்பை மாமன்றத்துக்கு 2015 டிசம்பரிலேயே இது புரிந்துவிட்டது. எங்கள் தலைக்கு மேல் ஒரு கம்பெனியா, உங்கள் திட்டமே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டுத் தள்ளினார்கள். நமக்குத் தள்ள ஓர் ஓட்டுகூட அப்போது இல்லை.

சரி, தலைமை வந்ததால் வேலை நடந்ததா என்று கேட்கலாம். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டைக் கேளுங்கள். இந்தத் திட்டத்தில் புதிதாகக் கட்டுவதற்காக 2018இல் மூடி, இடித்துத் தோண்டினார்கள். தோண்டின மண்ணை விற்ற விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டபோது, பஸ் நுழைவதற்கு முன்னால் வெள்ளம் உள்ளே நுழைந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு நேரத்தோடு வந்த ஒரே விருந்தாளி அதுதான்.

எனக்குக் கோபம் மேலே இருக்கிற நாற்காலி மீது மட்டுமில்லை, கீழே ஆளைக் கழிப்பதன் மீதும்தான். 2022 அக்டோபரில் அரசாணை 152 வந்தது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் எந்தப் பதவி வேண்டும், எது வேண்டாம் என்று நிர்ணயித்த ஆணை. துப்புரவுப் பணி, ஓட்டுநர் போன்ற கீழ்மட்ட வேலைகளை அவுட்சோர்சிங்குக்கு விடலாம் என்றது. ரத்து செய்யச் சொல்லித் தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கின. சென்னையிலும் தனியார்மயத்தை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. பந்தியில் பரிமாற ஆள் வைக்காமல் மேற்பார்வைக்கு மட்டும் எட்டுப் பேரை நிறுத்துகிற கல்யாண வீடு இது. மேன்ஹோல் மூடியைத் திறக்கிறவன் கான்டிராக்டரின் ஆள், அடுத்த மாதம் இருப்பானா தெரியாது. அடைப்பு எங்கே என்று அவனுக்குத்தான் தெரியும். அதை மேப்பில் பார்க்கிறவருக்கு மூன்று வருஷ உத்தரவாதம்.

திறமையான அதிகாரி வந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லுகிற நல்லவர்கள் வண்ணார்பேட்டையிலிருந்து கொக்கிரகுளம் வழியாக நடந்து ஆற்றுப் பாலத்துக்கு வரட்டும். 1843இல் திறந்த பாலம். கட்டிய சுலோசன முதலியார் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார். அரை லட்சம் ரூபாய்வரை தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டினார். நடுவில் ஒரு கம்பெனி இல்லை, பங்கு மூலதனம் இல்லை, நிபுணர் குழு இல்லை. எல்லா சிரஸ்தாரும் அப்படி இருந்தார்கள் என்று நான் கதைவிடவில்லை. இந்த ஒருவரைப் பற்றித்தான் ஊர் இன்னும் பேசுகிறது என்பதிலேயே மற்றவர்கள் லட்சணம் தெரியும்.

எப்படியும் புதுப் பதவி வரத்தான் போகிறது, வராமல் விட மாட்டார்கள். அதனால் எதிர்க்காமல் ஒரு திருத்தம் கொடுக்கிறேன். பதவியின் பெயர்: பொறுப்புத் தட்டிக்கழிப்புத் தலைமை ஒருங்கிணைப்பாளர். எல்லாத் துறைகளும் ‘எங்களுடையது அல்ல’ என்று எழுதுகிற கடிதங்களை இவர் ஒரே ஃபைலில் சேர்த்து நம்பர் போட வேண்டும். கார் உண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொள்ள அனுமதி கிடையாது. பதவிக்காலம் அதே மூன்று வருஷம், டெல்லியே சொன்னாலும் மாற்றக் கூடாது. அந்த மூன்று வருஷமும் தினம் காலை ஆறு மணிக்கு வண்ணார்பேட்டைப் படித்துறையில் குளித்துவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போக வேண்டும். தள்ளிப் போய் முங்கக் கூடாது.