கட்டிங் இல்லாமல் கேள்வி-பதில்

மனசு வைத்தால் ஒரே நாளில் குடியை விட்டுவிடலாம்தானே, மாமா?
*வாசகர், விழுப்புரம்*

விடலாம். மூன்றாம் நாள் சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுவீர்கள், வராத விருந்தாளியோடு பேசுவீர்கள். பல வருடம் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்ற சித்தம் கலங்கிய நிலை எல்லாம் வரலாம். உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் மாத்திரையும் தயமினும் கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். மனசு வையுங்கள், டாக்டர் முன்னால் வையுங்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டால் என் கணவர் 41 நாள் தொடுவதில்லை. கழற்றிய அன்றே ஆரம்பம். சாமிக்குப் பயப்படுகிறவர் எனக்குப் பயப்பட மாட்டாரா?
*ஒரு மனைவி, தேனி*

பயம் இல்லையம்மா, ஏற்பாடு. விடிகாலைக் குளியல், சாயங்காலம் பஜனை, சுற்றிலும் சாமிகள், பாருக்குக் கூப்பிட ஒருத்தனுக்கும் துணிவில்லை. பார்ப்பவரெல்லாம் "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். மற்ற நாளில் அந்த மனிதரை யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? 42ஆம் நாள் மாலையோடு இந்த முழுச் செட்டையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறோம்.

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் டாக்டர் பாபும் சந்தித்துத் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில் நடப்பதும் இதுதான்: குடித்து நிறுத்தியவரே குருசாமி. உங்கள் ஊரிலோ பக்கத்திலோ கூட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்குப் போக ஓர் இடம் வேண்டும். பயமுறுத்துகிற வேலையைச் சாமியே பார்த்துக்கொள்ளட்டும்.

இடம் மாறினால் போதை போய்விடுமா?
*வாசகர், ஓசூர்*

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பியதும் என்ன ஆனார்கள் என்று லீ ராபின்ஸ் என்ற பேராசிரியை 1970களில் தேடிப் பார்த்தார். முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். அவர்களுடைய போர், பொழுது, சப்ளையர் மூன்றும் வியட்நாமிலேயே தங்கிவிட்டன. நம்மவருக்கு சப்ளையர் தெருமுனையில், அதுவும் அரசாங்கப் போர்டோடு.

பீர் உடம்புக்கு ஒன்றும் செய்யாதாமே?
*வாசகர், கோவை*

650 மில்லி, 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் உள்ளே 52 மில்லி ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தி 60 மில்லி என்றால் சுமார் 26. அதாவது ஒரு பாட்டில், இரண்டு லார்ஜ். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி வாங்கலாமா?
*ஒரு தாய், சேலம்*

பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாமல் இருக்கலாம். டைசல்ஃபிரம் என்றால் கேளுங்கள்: 1940களில் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் புழு மருந்தாகுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்து, பிறகு குடித்தபோது பட்ட அவஸ்தையில்தான் அது குடிக்கு மருந்தானது. சாப்பிடுபவருக்குத் தெரிந்து, டாக்டர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். தெரியாமல் தின்றுவிட்டு மேலே ஒரு குவாட்டர் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போகலாம். சாம்பாருக்குப் பெருங்காயம் போதும்.

கால்கட்டு போட்டால் பையன் திருந்துவானா?
*ஒரு தகப்பன், கரூர்*

இந்தக் கேள்வியை அப்படியே பெண் வீட்டாரிடம் கேளுங்கள். பதில் உடனே வரும்.

மனச்சோர்வால் குடிக்கிறானா, குடிப்பதால் சோர்வா? தம்பியைப் பற்றிக் கேட்கிறேன்.
*ஒரு அக்கா, திருச்சி*

இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். குடியை நிறுத்திய சில வாரங்களில் பலருக்குச் சோர்வு தானே விலகும். விலகாவிட்டால் அதற்குத் தனி சிகிச்சை. ஆனால் சாவைப் பற்றிப் பேசினால் வாரக்கணக்குப் பார்க்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம்தான், ஓசியில் வாங்க வெட்கமில்லாத ஊர் நம்முடையது.

ஆறு மாதம் நிறுத்தியிருந்தேன். மச்சான் கல்யாணத்தில் கவிழ்ந்துவிட்டேன். எல்லாம் போச்சா?
*பெயர் வேண்டாம், நாகர்கோவில்*

ஆறு மாதம் உங்களுடையதுதான், யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அமெரிக்காவின் தேசியப் போதை ஆய்வு நிறுவனக் கணக்குப்படி, சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி வழுக்குகிறார்கள். ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளும் ஏறத்தாழ அதே அளவுக்குச் சிகிச்சையைக் கோட்டை விடுகிறார்கள். அவர்களை யாரும் "குடும்ப மானத்தை வாங்கிட்டியே" என்பதில்லை.

அழுதது போதும், துப்பறியுங்கள். மண்டபத்துக்குப் பின்னால் எந்தக் காரின் டிக்கி திறந்தது? அப்போது பசியா, தூக்கமில்லையா, சம்பந்தி யாராவது குத்திப் பேசினாரா? டிஸ்போசபிள் தம்ளரை நீட்டியது யார் கை? எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். அடுத்த கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்ததும் பந்தி, பந்தி முடிந்ததும் பஸ்.

இதைப் படிக்கும் ஊசி, மாத்திரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இடைவெளிக்குப் பிறகு பழைய அளவை உடம்பு தாங்காது. அந்த அளவுதான் கொல்லும்.

மறுவாழ்வு மையத்தில் அடிப்பார்களாமே?
*வாசகர், ஆவடி*

அடித்துப் போதை போகுமென்றால் போலீஸ் ஸ்டேஷன்களில் பெட் போடலாம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, மருந்தும் பேச்சும் குடும்ப ஆலோசனையுமாகத்தான் வேலை பார்த்தது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ. 2017 மனநலச் சட்டப்படி மையத்துக்குப் பதிவு வேண்டும். சேர்க்குமுன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், டாக்டர் எப்போது வருவார் என்று கேளுங்கள். "ஒரு மாதம் யாரும் போன் பேசக் கூடாது" என்றால் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்புங்கள்.

டாஸ்மாக்கை மூடினால் எல்லாம் தீரும்தானே?
*வாசகர், மதுரை*

1937இல் ராஜாஜி சேலத்தில் மதுக்கடைகளை மூடினார். 1971இல் திறந்தது, 1974இல் மூடியது, 1981இல் திறந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறைக் கடையும் அதன் கைக்கு வந்தது. கதவைப் பற்றி இவ்வளவு பேசினோம். மூடிய மறுநாள் காலை கை நடுங்கி வருகிறவருக்கு எத்தனை கட்டில் என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் வெளிநடப்பு.

குடியை நிறுத்திய நண்பனைப் பார்ட்டிக்குக் கூப்பிடலாமா?
*வாசகர், தஞ்சாவூர்*

தாராளமாக. "எனக்காக ஒண்ணே ஒண்ணு மச்சி" என்று சொல்கிறவனைத்தான் கூப்பிடக் கூடாது.