பாட்டிலுக்குக் கோட்டா உண்டு

முன்னாள் ராணுவத்தினரை அரசு கைவிட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் ராத்திரி தூங்க வேண்டும் என்பதில் டெல்லிக்கு இருக்கும் அக்கறை பெற்ற தாய்க்குக்கூட இருக்காது. இல்லாவிட்டால் ராணுவ கேன்டீனில் மாதாமாதம் மலிவு விலையில் ரம் கொடுக்குமா? அதற்கென்று ஸ்மார்ட் கார்டு, வரிசை, ரசீது, பதவிக்கேற்ற கோட்டா. சிப்பாய்க்கு இத்தனை பாட்டில், சுபேதாருக்குக் கொஞ்சம் கூட, கர்னலுக்கு அதைவிடக் கூட. கெட்ட கனவும் பதவி வாரியாகத்தான் வரும் போலிருக்கிறது.

விருதுநகர் மாவட்டம் மம்சாபுரத்தில் ஒரு பையன் சர்வீஸ் முடித்து வந்து இறங்கும் நாளைப் பாருங்கள். வயது நாற்பதுகூட ஆகியிருக்காது. பஸ் நிற்கும் இடத்திலிருந்தே ஃபிளெக்ஸ். கையில் துப்பாக்கி, பின்னால் பனிமலை. மலை பெரும்பாலும் சுவிட்சர்லாந்து. ஃபிளெக்ஸ் கடைக்காரர் உபயம். கொட்டுமேளம், மாலை, பத்தாயிரம் வாலா. சிவகாசி இருக்கிற மாவட்டத்தில் வெடிக்கு என்ன பஞ்சம்? குண்டுச் சத்தத்திலிருந்து தப்பித்து வந்தவனை வெடி வைத்து வரவேற்கும் புத்தி நமக்குத்தான் வரும். சரம் வெடிக்கும்போது அவன் சட்டென்று குனிந்து சுவரோடு ஒட்டினால், "மிலிட்டரிக்காரரே பயந்துட்டாருடோய்" என்று சிரிக்கிறோம். போனில் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போடுகிறோம்.

அப்புறம் ராத்திரி வருகிறது. மேற்கே மலையடிவாரத் தோப்புகளில் யானை இறங்கினால் விரட்ட வெடி போடுவார்கள். தோப்புக்காரருக்கு அது மாங்காய்ப் பிரச்சினை. இவனுக்கு அது காஷ்மீரத்துக் குப்வாரா. அலறி எழுகிறான், பக்கத்தில் படுத்திருந்தவள் தொட்டு எழுப்பப் போனால் அவள் கழுத்தைப் பிடிக்கிறான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் திண்ணைக்குப் போகிறாள். காத்துக் கருப்பு என்கிறாள் மாமியார். தாயத்துக் கட்டுகிறார்கள். சொந்தக்காரர்கள் விசாரிக்க வராமல் இல்லை. வருகிறார்கள். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மாப்ள, மிலிட்டரி சரக்கு ஏதும் இருக்கா?"

கொடுமை இதோடு நிற்கவில்லை. தூக்கம் வராத இந்த ஆளுக்கு நாம் தேடிக் கொடுக்கும் வேலை என்ன? ராஜபாளையம் மில்லில் நைட் வாட்ச்மேன். இல்லையென்றால் ஏடிஎம் வாசலில் ராத்திரி டியூட்டி. "முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை" என்று விளம்பரமே வரும். இரவு முழுக்க விழித்திருக்க ஏற்கெனவே பயிற்சி பெற்றவன் அல்லவா!

ரம் என்ன செய்கிறது? முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஆளைச் சாய்க்கும். கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைக்கும். போதை இறங்கிய பின்னிரவில் அமுக்கி வைத்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வரும். கனவுக்குப் பயந்து குடிக்கிறான், குடித்ததால் கனவு கூடுகிறது. இந்தச் சுழலுக்கு மானியம் தருவது இந்திய அரசு.

வேறு வழி இல்லாமலா போயிற்று? நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பேச்சு சிகிச்சையைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016-லேயே சொல்லிவிட்டது. சிபிடி-ஐ என்பார்கள். வாரம் ஒருமுறை, ஆறு முதல் எட்டு அமர்வு. எப்போது படுத்தோம், எப்போது விழித்தோம் என்று ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். படுக்கும் நேரத்தை முதலில் சுருக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவார்கள். கெட்ட கனவுக்குத் தனி முறை உண்டு. பகலில், முழிப்பில், அந்தக் கனவை எழுதச் சொல்வார்கள். கண்டவரே அதைத் தன் இஷ்டப்படி மாற்றி எழுத வேண்டும். கண்ணிவெடி வெடிக்கிற பாதை வேறு எங்காவது திரும்பட்டும். மாற்றிய கனவைத் தினமும் சில நிமிடம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் இல்லைதான். வியட்நாம் போய் வந்த முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் இந்தக் கனவு முறை பெரிதாக எடுபடவில்லை. ஆனால் கெட்ட கனவுக்கென்று பெயர் வாங்கிய பிரசோசின் மாத்திரையை 304 பேரிடம் சோதித்து 2018-ல் வெளியிட்டார்களே, அதுவும் வெற்று மாத்திரையை ஜெயிக்கவில்லை. பேச்சு சிகிச்சைக்குத் தேவை இரண்டு நாற்காலி, ஒரு நோட்டு, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒரு ஆள். வரவேற்பு ஃபிளெக்ஸ் செலவில் பல நோட்டு வாங்கலாம். அந்த ஆள்தான் இல்லை.

எங்கே தேடுவது? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் 2003-ல் வந்தது. அதன் பாலிகிளினிக்கில் பல் டாக்டர் உண்டு, வாசலில் காவலாளி உண்டு. கனவைக் கேட்கிறவரின் அறையைக் கேட்டுப் பாருங்கள், பல்லைக் காட்டச் சொல்வார்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டில் தொடங்கியது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத தேசத்தில், அந்தத் திட்டத்தில் கிடைப்பது சில நிமிடமும் ஒரு மாத மாத்திரையும். சிப்பாய்க்குக் கிடைக்காத கவனம் எங்கள் ஊர் நாய்க்குக் கிடைத்தது. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வெளியிட்டார்கள். 2020-ல் பிரதமரே வானொலியில் அதன் பெயரைச் சொன்னார். எங்கள் வட்டாரத்தில் வானொலி வரைக்கும் போக நாலு கால் வேண்டும் என்று தெரிகிறது.

முன்னாள் ராணுவத்தினரில் ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் பேச எல்லாக் கட்சிக்கும் வாய் கட்டிக்கொள்கிறது. 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படையின் தமிழ்ச் சிப்பாய்கள். ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் அங்கே செத்தார்கள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் 1987 அக்டோபர் 21-ல் இந்தியப் படை சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை கப்பலில் திரும்பியபோது வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்று அவர் சொன்ன நியாயத்தை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அனுப்பி வைத்தவர்கள் யாரும் அந்தக் கப்பலில் இல்லையே! வேறு மாநிலத்துச் சிப்பாய்க்கு இலங்கையில் கேட்டது வெறும் ஓலம். தமிழ்ச் சிப்பாய்க்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. இன்று அறுபதைத் தொட்டுவிட்ட அந்த ஆள் தன் கனவை யாரிடம் சொல்வார்? தேசபக்தரிடம் சொன்னால் தேசத் துரோகி. இனப் பற்றாளரிடம் சொன்னால் இனத் துரோகி. ரம் பாட்டில் மட்டும் இரண்டு பட்டமும் கொடுக்காது.

தமிழில் இந்தப் பேச்சு சிகிச்சையெல்லாம் எப்படி முடியும் என்று அதிகாரிகள் இழுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, தமிழில் கையேடு எழுதி, ஊர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குண்டு விழுந்த ஊரில் முடிந்தது, பால்கோவா விற்கிற ஊரில் முடியாதாம்.

மனசு உடைந்தவன் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டால் மருத்துவ வாரியம் ஒரு வரி எழுதும்: படைப்பணியால் வந்ததும் அல்ல, அதனால் கூடியதும் அல்ல. சேர்க்கும்போது நெஞ்சளவு முதல் பல்வரை பார்த்து, பழுதில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். திருப்பி அனுப்பும்போது, இது வீட்டிலிருந்தே கொண்டுவந்த சாமான் என்கிறார்கள். சேரும்போது குறிக்கப்படாத நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்றால் அதை நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் அரசு வழக்கு மேல் வழக்காக மேல்முறையீடு போகிறது. எதிரியிடம் காட்டாத விடாமுயற்சி, பென்ஷன்காரரிடம்.

டிசம்பர் 7 வந்தால் கொடிநாள். உண்டியலுக்கு இலக்கு உண்டு. இலக்கைத் தாண்டிய அதிகாரிக்குப் பாராட்டு உண்டு. விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தின் அடுத்த முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதும் சங்கத்து அண்ணாச்சிமாரே, கேன்டீன் கோட்டாவோடு இன்னொன்றையும் கேளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள், தமிழ் பேசும், பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர், ஆளுக்கு ஒரு மணி நேரம். அது வரும்வரை அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ உங்கள் போனில் மட்டுமல்ல, வீட்டம்மா போனிலும் பதிந்து வையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.