டோட்டல் லாஸ் கார்க்காரர்

இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிய காரை ஏலத்தில் எடுத்து, ஷெட்டில் போட்டுச் சரிபண்ணி, தன் பெயருக்கு மாற்றி ஓட்டுகிறவர் டோட்டல் லாஸ் கார்க்காரர். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர். கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். செல்போனில் பெற்ற பிள்ளையின் படத்தைவிட, மூக்கு நசுங்கிய நிலையில் அந்தக் கார் கிடந்த படங்கள் அதிகம் இருக்கும். ஷோரூமில் புதுக்கார் வாங்குகிறவர்களை அவர் பொறாமையோடு பார்ப்பதில்லை. பாவம் என்று பார்ப்பார்.

இவர் உருவாவதற்குக் காரணம் ஒரு கணக்கு. பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பை ஐ.டி.வி. என்பார்கள். கார் வாங்கி ஓராண்டு தாண்டினால் அதில் 20 சதவீதம் தேய்ந்திருக்கும். நாலாண்டு தாண்டினால் பாதி போய்விடும். ரிப்பேர் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி டோட்டல் லாஸ். ஐ.டி.வி. 4 லட்சம் என்றால் எல்லைக்கோடு 3 லட்சம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பானெட், ரேடியேட்டர், ஹெட்லைட் எல்லாவற்றையும் புதிதாகவே எழுதுவார்கள். ஏர்பேக் விலையும் லேபரும் வரியும் ஏறினால் மூன்றரை லட்சம் வெகு தூரமில்லை. சர்வேயர் கையெழுத்துப் போட்டதும் வண்டி காகிதத்தில் செத்துப்போகிறது. அதே வேலையைச் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடி, டிங்கரிங் தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் பாதிச் செலவில் முடிக்கலாம் என்பது நம்மவர் வாதம். அவர் சொல்வது பல சமயம் சரிதான். ஏர்பேக்கை மட்டும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பேஸ்மென்டோடு முங்கிய கார்கள் ஏலத்துக்கு வந்த காலம் இவருக்குப் பொற்காலம். வெளியே ஒரு கீறல் கிடையாது. தண்ணீர் புகுந்தது தெரியாமல் சாவியைத் திருகிய புண்ணியவான்களின் வண்டியில் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும், அவ்வளவுதான்.

ஏலத்தில் அவர் எஞ்சினைப் பற்றி விசாரிப்பது அப்புறம். முதல் கேள்வி, “ஆர்.சி. உயிரோட இருக்காண்ணே?” என்பதுதான். இதில் சட்டம் இருக்கிறது. வண்டி அழிந்துவிட்டாலோ, இனி ஓடவே லாயக்கில்லாமல் போனாலோ, உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லி ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. பதிவு ரத்தாகிவிட்டால் அந்த வண்டிக்குக் காயலான் கடைதான் கதி. ஆனால் ரிப்பேர் பார்க்கக் கட்டுப்படியாகாத வண்டி வேறு, ஓடவே முடியாத வண்டி வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் நம்மவர் கார் ஓட்டுகிறார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே விஷயத்தைக் குறித்துவிடுவார்கள். நம் ஆர்.சி.யில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

ரிப்பேர் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்; காகிதம் முடியாது. பெயர் மாற்றத்துக்குப் பார்ம் 29, 30 இரண்டிலும் பழைய ஓனரின் கையெழுத்து வேண்டும். பழைய ஓனரோ பணத்தை வாங்கிக்கொண்டு அந்த விபத்தையே மறக்கப் பார்க்கிறவர். அவருக்குப் போன் போட்டு, “சார், உங்க வண்டியை இப்ப வச்சிருக்கிறவன் பேசறேன்” என்று நம்மவர் ஆரம்பித்தால் மறுமுனையில் மனுஷன் பதறாமல் என்ன செய்வார்? பேங்க் கடன் இருந்திருந்தால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கப் பார்ம் 35 வேறு. பெங்களூர் ஏலத்தில் எடுத்த கே.ஏ. வண்டியைத் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றுவதென்றால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே மறுபடி சாலை வரி கட்ட வேண்டும். ஏலத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி இந்த இடத்தில் அரசாங்கத்துக்குப் போய்ச் சேரும்.

பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டும் நாள். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது போர்டில் இருக்கும் பெயர். ஊருக்கு அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். நம்மவர் பானெட்டைத் திறந்து, சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். ஏழாவது எழுத்துக்கு மேல் டிங்கர் தாராளமாக அடித்த பெயின்ட் அப்பியிருக்கும். அங்கே மட்டும் தாளில் கறுப்புத் திட்டு விழும். இன்ஸ்பெக்டர் திட்டைப் பார்ப்பார், வெல்டிங் தழும்பைப் பார்ப்பார், நம்மவரைப் பார்ப்பார். “சுரண்டிட்டு நாளைக்கு வாங்க.” காலை ஏழு மணியிலிருந்து வரிசையில் நின்ற புரோக்கர் மட்டும் கலங்க மாட்டார். நாளைக்கும் அவருக்கு வேலை இருக்கிறது.

கடைசியில் பெயர் மாறிவிடும். பாலிசி இடையில் விட்டுப்போயிருப்பதால் இன்சூரன்ஸ் கம்பெனி நேரில் பார்த்த பிறகுதான் முழுக் காப்பு தரும். அது கிடைக்காவிட்டாலும் மூன்றாம் நபர் காப்பு இல்லாமல் ரோட்டில் இறங்க முடியாது. இனி அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் விலையைச் சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார். சம்சாரம் மட்டும் முன் சீட்டில் ஏற மறுப்பார். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு விடாமல் எரியும். “அது சென்சார்டி, சும்மா எரியும்” என்பார். அடுத்த மாதம் அதுவும் எரியாது. சரிபண்ணியதால் அல்ல, பல்பைக் கழற்றியதால்.

இரண்டு வருடத்தில் அவரே அதை விற்க வருவார். “பம்பர்ல லேசா ஒரு உரசல், அவ்வளவுதான் சார்” என்பார். வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு பிடித்திருக்கிறதா என்று தடவட்டும். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று கவனிக்கட்டும். பழைய பாலிசி நம்பரைக் கேட்டு வாங்கி, அதில் என்ன க்ளெய்ம் போனது என்று விசாரித்த பிறகு விலை பேசட்டும்.