தாழ்ப்பாள்

1964-ல் எனக்கு இருபத்திரண்டு வயது. இடுப்பில் ஒன்று, மடியில் ஒன்று. குடும்பக் கட்டுப்பாடு மையத்து டாக்டரம்மா அளவு பார்த்து ஒரு ரப்பர் மூடியும் ஒரு ட்யூப் ஜெல்லியும் தந்தார். டயாஃப்ரம் என்று பெயர். ஜெல்லி தடவி உள்ளே வைத்துக் கருப்பை வாயை மூட வேண்டும். உறவுக்குப் பிறகு ஆறு மணி நேரமாவது எடுக்கக் கூடாது. எடுத்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் காயவைத்து, டப்பாவில் வைக்க வேண்டும்.

எங்கே காயவைப்பது? பதினொரு பேர் புழங்கிய வீடு. கிணற்றடியில் நாலு தட்டி மறைப்புதான் குளியலறை. எங்கள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. துணிமணிக்கு அடியில் ஒளித்தேன், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். ஒரு நாள் மாமியார் டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "என்னடி இது, சோப்பு டப்பாவா?" என்றார். "ஆமா அத்தை" என்றேன். அன்றே அது பரணுக்குப் போய்விட்டது.

1966-ல் மூன்றாவது பிறந்தான். என் உயிர் அவன். ஆனாலும் அவனைப் பெறுவதென்று நான் முடிவெடுக்கவில்லை. அந்த வலி வேறு.

அதற்குள் மையத்தில் கருப்பைக்குள் வைக்கும் லூப் வந்துவிட்டது, ரப்பர் மூடியைப் பற்றிப் பேச ஆளில்லை. 1968-ல் நிரோத் ஆணுறை வந்தது. மூன்று பதினைந்து காசு. அது ஆண் மனசு வைத்தால்தான். கடைசியில் நானும் கருத்தடை ஆபரேஷன் மேசையில் படுத்தேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் நாட்டில் மணமான பெண்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3. கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்று பெரியார் நான் பிறக்கும் முன்பே எழுதியிருந்தார். நான் அதைப் படித்தபோது எனக்கு ஐம்பது வயது.

பேத்திக்கு இன்று சென்னையில் இரண்டு குளியலறை, இரண்டுக்கும் தாழ்ப்பாள். கருத்தடை மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெண் உள்ளே வைத்துக்கொள்ளும் பெண்ணுறை தேடி மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினோம். அதைக் கேட்டால் ஆணுறையை எடுத்து நீட்டுகிறார்கள். நாசிக்கில் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிற பொருள், நம் தெருக்கடையில் இல்லை! ஆன்லைனில் வாங்கினாள். உறவுக்கு எட்டு மணி நேரம் முன்பே வைத்துக்கொள்ளலாம். எய்ட்ஸ் கிருமியையும் தடுக்கும். சாதாரணப் பழக்கத்தில் வருஷத்துக்கு நூறில் இருபது பேர் போல உண்டாகிவிடுவதுண்டு என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை.

"இதை எப்படிப் பிடிக்கணும் பாட்டி?" என்றாள். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே அமுக்கிக் காட்டினேன். அறுபது வருஷமாகியும் விரல்கள் மறக்கவில்லை.