காசு குடுத்து அடி வாங்கப் போற பேராண்டிக்கு

வாடா ராசா, உக்காரு. ஆபீசே திரண்டு இசிஆர் ஓரமா பெயின்ட்பால் ஆடப் போவுதாமே, உன் ஆயா சொன்னா. மரக்காணம் உப்பளத்துல காலமெல்லாம் காஞ்சவன் நான். காசு குடு, உன்னைச் சுடறேன்னு என்னை ஒருத்தனும் கூப்பிட்டதில்ல. உனக்குக் குடுப்பினை.

அந்தத் துப்பாக்கி பூர்வீகம் தெரியுமா? அமெரிக்காவுல மரத்துக்கும் மாட்டுக்கும் தூர நின்னே குறி போடறதுக்குச் செஞ்ச சாமான். நெல்ஸ்பாட் 007-னு பேரு. நாம மாட்டுப்பொங்கலுக்குக் கிட்டப் போயித்தான் கொம்புக்குப் பெயின்ட் அடிக்கறோம். அவனுக்கு முட்டுமேன்னு பயம் போல. 1981 ஜூன் 27, நியூ ஹாம்ப்சயர் மாகாணத்துல ஹென்னிக்கர்னு ஒரு ஊரு. பன்னெண்டு பேரு காட்டுக்குள்ள எறங்கி, மாட்ட விட்டுட்டு ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டாங்க. ஆட்டம் பொறந்துடுச்சு.

காட்டுக்குள்ள வெச்ச கொடிங்கள எடுத்தாறவன்தான் ஜெயிச்சவன். யாரு ஜெயிச்சான்னு கேளு. ரிச்சி வைட்டுனு ஒரு ஆளு, காட்டு மரத்தொழில் தெரிஞ்சவரு. பதுங்கிப் பதுங்கிப் போயி நாலு கொடியையும் எடுத்தாந்துட்டாரு. ஒரு குண்டுகூடச் சுடல. நீ இருக்கியே, வாசல்ல செருப்பு கழட்டறதுக்குள்ள தெருவுக்கே சேதி போயிடும். வாய மூடிக்கிட்டுப் போ, பாதி ஆட்டம் நம்முது.

பெயின்ட் ரொப்பின அந்தக் குண்டு கோலி அளவு இருக்கும், 17 மில்லிமீட்டர். மேல்தோலு ஜெலட்டின். மாடு, பன்னித் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கறது. முட்டைகூடத் தொடாத உங்க மேனேஜர்கிட்ட இப்பவே சொல்லிடாத. நாலு வாங்கட்டும், அப்புறம் சொல்லு.

ஈரக்காத்து பட்டா குண்டு உப்பிப்போயி, குழாய்க்குள்ளயே ஒடஞ்சு அடைச்சிக்கும். ஈரத்தப் பத்தி எனக்கா சொல்லணும்? மழை வாசன வந்தாலே உப்பு அம்பாரத்து மேல ஓலை போட ஓடறவன். மத்தவனெல்லாம் டப்பாவத் தொறந்து போட்டுட்டு செல்ஃபி எடுக்கட்டும். நீ உன் குண்ட மூடி நிழல்ல வெச்சிக்க. அவன் துப்பாக்கியக் குத்திக்கிட்டு நிப்பான், நீ கொடியப் புடுங்கிக்கிட்டு வா.

வினாடிக்கு 300 அடி வேகம், அதுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு வெச்சிருக்கான். அதுவே துணிக்கு மேல பட்டாலும் கன்னிப்போவும். பழைய பாக்கி எதுவா இருந்தாலும் பக்கத்துல வெச்சிச் சுடாத. இன்கிரிமென்ட் போடற மாசமா இருந்தா மேனேஜரத் தூரத்துல இருந்துகூடச் சுடாத.

கடைசியா ஒண்ணு, இதுல கிண்டல் இல்ல. மாஸ்க்கு வேர்க்கும், கண்ணாடியில ஆவி படியும், கழட்டித் தொடைக்கலாமான்னு கை பரபரக்கும். கழட்டாத. பெயின்ட்டு தண்ணியில போயிடும், கண்ணு போனா வராது. உப்பு வெள்ளையில கூசிக் கூசிப் பார்வை மங்கினவன் சொல்றேன். எங்களுக்கு எவனும் கண்ணாடி குடுக்கல, உனக்கு வாடகையோட சேத்துக் குடுக்கறான். களத்தை விட்டு வெளிய வந்து, அத்தனை துப்பாக்கி வாய்க்கும் உறை போட்டாச்சான்னு பாத்துட்டு அப்புறம் கழட்டு.