கோயில் உலாப் படங்களில் நிகழும் கிரகப் பெயர்ச்சி: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கும்பகோணத்தில் வேன் பிடித்து, ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பும் குடும்பம் வீட்டுக்குக் கொண்டுவருபவை மூன்று: விபூதிப் பொட்டலம், கால்வலி, எந்தக் கோயில் என்று தெரியாத படங்கள் சில நூறு. முதலிரண்டும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். மூன்றாவது பேரன் காலத்திலும் சண்டை மூட்டும்.

காரணம் எளிது. கருவறைப் பக்கம் கேமராவை நீட்டக்கூடாது. ஆகவே எடுக்கப்படுவன கோபுரம், குளம், செருப்பு விடும் இடம், வேனில் சாய்ந்து நிற்கும் மைத்துனர். கோபுரமாவது ஊருக்கு ஊர் சற்றே மாறும்; மைத்துனர் மாறவே மாட்டார். ‘இது கஞ்சனூர்’ என்பார் பெரியப்பா. ‘திருவெண்காடு, நான் அங்கேதான் இந்தப் புடவை கட்டியிருந்தேன்’ என்பார் சித்தி. காலையில் கட்டிய புடவையோடுதான் ஒன்பது தலங்களையும் அவர் தரிசித்தார் என்பதை எடுத்துச் சொல்லும் துணிவு குடும்பத்தில் ஒருவருக்கும் கிடையாது.

இச்சிக்கலைத் தீர்க்க வந்த கருவியே ஜி.பி.எஸ் லாகர். அது தீர்த்ததா, சிக்கலை வேறு தளத்துக்கு உயர்த்தியதா என்பதே இவ்வாய்வின் வினா.

2. கருவிகளும் அவற்றின் அறியாமையும்

லாகர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பெட்டி. திரை இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான் இருக்கும். 2006இல் சோனி வெளியிட்ட ஜி.பி.எஸ்-சி.எஸ்1 என்ற பெட்டியை எடுத்துக்கொள்வோம். பையில் மாட்டிவிட்டால் 15 வினாடிக்கு ஒருமுறை நேரத்தையும் இருக்கும் இடத்தையும் எழுதிக்கொண்டே வரும். வேறு வேலை அதற்குத் தெரியாது. பக்கத்தில் ஒருவர் படம் எடுக்கிறார் என்பதும் தெரியாது.

கேமராவின் அறியாமை வேறு வகை. 1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட எக்சிஃப் என்ற முறைப்படி, ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாளையும் நேரத்தையும் வினாடி வரை அது பொறித்துவைக்கும். எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். கேமராவிடம் பொழுது மட்டும் உண்டு. லாகரிடம் நிலம், பொழுது இரண்டும் உண்டு; கருப்பொருளும் உரிப்பொருளும்தான் இல்லை. அதாவது எதிரே கோபுரம் நிற்பதும் தெரியாது, மைத்துனருக்குப் பசிப்பதும் தெரியாது. கேமராவையும் லாகரையும் இரவில் கணினியில் உட்காரவைத்து, ‘இந்த நேரத்தில் எடுத்த படம், அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்?’ என்று விசாரித்துப் படத்துக்குள் இடத்தை எழுதுவதே இடக்குறியிடல். 2003 முதல் கிடைக்கும் எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இதை ஒரே வரிக் கட்டளையில் முடித்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு சாட்சிகளையும் பிணைக்கும் ஒரே கயிறு நேரம். ஆகவே இக்கட்டுரையின் கருதுகோள்: இடப்பிழை என்று உலகோர் சொல்வதெல்லாம் பெரும்பாலும் காலப்பிழையே.

3. முதற்சான்று: வானம்

ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை ‘நீ கும்பகோணத்தில் இருக்கிறாய்’ என்று யாருக்கும் சொல்வதில்லை. ‘இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்’ என்று மட்டுமே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சொல் கீழே வந்துசேர ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. எவ்வளவு தாமதமாக வந்தது என்பதிலிருந்து தொலைவையும், பல தொலைவுகளிலிருந்து இடத்தையும் லாகர் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. ஒரு வினாடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கு தவறினால் 30 சென்டிமீட்டர் தவறும்.

இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள்கள் போதும். ஆனால் நான்கு வேண்டும் என்கிறார்கள். நான்காவது எதற்கு? லாகருக்குள் இருக்கும் மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் எவ்வளவு தப்பு என்று கண்டுபிடிப்பதற்கு. வானத்தில் ஒரு செயற்கைக்கோளுக்கு நம் கடிகாரத்தைச் சந்தேகிப்பதே உத்தியோகம் என்றால் கருதுகோளுக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வேண்டும் என்பாருக்கு ஐன்ஸ்டைன் இருக்கிறார். சார்பியல் கோட்பாட்டின்படி மேலே இருக்கும் அணுக்கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோவினாடி முந்தி ஓடும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவுக் கணக்கு பிசகும். ஆகவே ஏவுவதற்கு முன்பே அக்கடிகாரங்களைச் சற்று மெதுவாக ஓடும்படி முடுக்கி அனுப்புகிறார்கள்.

4. இரண்டாம் சான்று: நுங்கம்பாக்கம்

செயற்கைக்கோள் வருவதற்கு முன்பும் நிலைமை இதுவே. தீர்க்கரேகை என்பது கடிகாரத்தால் அளக்கப்படுவது; நான்கு நிமிட வித்தியாசம் ஒரு பாகை. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய சென்னை வானாய்வகத்திலிருந்து, 1802இல் ஜான் கோல்டிங்ஹாம் சென்னையின் நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது என்று நிறுவினார். அதைப் பாகையாக மாற்றினால் 80°18′30″ கிழக்கு. வானாய்வகம் இருந்த நுங்கம்பாக்கம் இன்றைய கணக்கில் 80°14′48″.

வித்தியாசம் நேரத்தில் 15 வினாடிகூட இல்லை. தொலைவில் ஆறு கிலோமீட்டருக்கு மேல். கோல்டிங்ஹாமின் எண்ணை இன்றைய வரைபடத்தில் குறித்தால், நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்த வானாய்வகம் மெரினாவைத் தாண்டி வங்கக் கடலுக்குள் நிற்கும். நில அளவையில் கரைகண்ட பெருமகனார் கட்டடத்தோடு கடலில் இறங்கியதற்குக் கால் நிமிடமே காரணமென்றால், நம் பெரியப்பாவின் கைக்கடிகாரம் எம்மாத்திரம்?

5. கள ஆய்வு: வேன்

தமிழ்க் குடும்பங்களில் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுவது அபசகுனம். ‘பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சிருக்கேன்’ என்பது குடும்பத் தலைவரின் பெருமிதம். கேமராவுக்கு நேரம் வைக்கும் பொறுப்பும் அவருடையதே. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் வைப்பார்.

விளைவை ஆராய்வோம். கேமரா பத்து நிமிடம் முந்துகிறது. பத்து மணிக்கு எடுத்த படம் பத்து மணி பத்து நிமிடத்துக்கு எடுத்ததாகப் பதிவாகிறது. அந்த நேரத்தில் வேன் எங்கே போயிருக்கிறதோ அங்கே படம் போய் ஒட்டிக்கொள்கிறது. குடந்தைச் சாலைகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கொண்டால் பத்து நிமிடத்தில் 5 கிலோமீட்டர். சூரியனார்கோயிலிலிருந்து கஞ்சனூர் அந்தத் தொலைவுக்குள்தான். புறப்படும் அவசரத்தில் எடுத்த சூரியன் கோயில் கோபுரம் வரைபடத்தில் சுக்கிரன் தலத்தில் நிற்கும். பஞ்சாங்கத்தில் இல்லாத இப்பெயர்ச்சிக்கு எந்த ராசிக்காரர் பரிகாரம் செய்வது என்பது சோதிடர் ஆராய வேண்டியது.

இதிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படும். முந்தும் கடிகாரம் இனிமேல் போகப்போகும் ஊரைக் காட்டும். பிந்தும் கடிகாரம் விட்டுவந்த ஊரைக் காட்டும். முன்னது ஆரூடம், பின்னது ஏக்கம். வேன் காரைக்கால் எல்லையை நெருங்கும்போது முந்தும் கடிகாரம் படத்தை மாநிலம் விட்டே கடத்தும். அந்த எல்லைக்குள் இருக்கும் திருநள்ளாறு புதுச்சேரியைச் சேர்ந்தது.

பத்து நிமிடம் சிறு பிழை. பெரும்பிழை ஐந்தரை மணி நேரம். லாகர் எழுதுவது உலகப் பொதுநேரம். கேமரா எழுதுவது இந்திய நேரம். எந்த மண்டலத்து நேரம் என்று எழுதிவைக்க எக்சிஃபில் 2016 வரை இடமே கிடையாது. இதைக் கணினிக்குச் சொல்லாமல் விட்டால், காலை 9 மணிக்கு ஆலங்குடியில் எடுத்த படம் பிற்பகல் 2.30க்கு வேன் நின்ற இடத்தைத் தேடிப் போகும். அந்நேரம் கோயில்களில் நடை சாத்தியிருக்கும். ஆகவே குரு பகவானின் கோபுரம் எல்லோரும் சாப்பிட்ட ஓட்டல் வாசலில் போய் நிற்கும். மாலை ஐந்து மணிப் படங்கள் இரவு 10.30ஐத் தேடிப்போய், லாகர் உறங்கிவிட்டதைக் கண்டு திரும்பிவரும். எக்சிஃப்டூல் இயல்பாக அரை மணி நேர இடைவெளி வரைதான் ஊகிக்கும். அதற்கு மேல் வாய் திறக்காது. இந்த அடக்கம் ஆய்வாளர் பலருக்கு வாய்க்காதது.

ஈழத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 1996 மே மாதம் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி திரும்ப எடுத்துக்கொண்டது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே வந்துசேர்ந்தது. இடைப்பட்ட பத்தாண்டும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே நடந்தது. அக்காலத்தில் கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்குப் போனவர் சோதனைச் சாவடியில் நேரத்தையும் அரை மணி மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கேமராவை மாற்ற மறந்திருந்தால், எந்தப் படம் எந்தப் பக்கத்தில் எடுத்தது என்று லாகரால் சொல்ல முடியாது.

6. மறுப்புகளும் அவற்றுக்கு மறுப்பும்

‘செல்போனிலேயே ஜி.பி.எஸ் இருக்கிறது, கேமரா எதற்கு, லாகர் எதற்கு?’ என்பார் உளர். செல்போனில் நேரமும் இடமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் மேற்சொன்ன பெயர்ச்சி எதுவும் நிகழாது என்பது உண்மையே. அதனாலேயே அது ஆய்வுக்குத் தகுதியற்றது.

‘வீட்டுக்குள் எடுத்த குழந்தைப் படத்திலும் வீட்டின் இடம் பதிந்துவிடுமே’ என்பார் உளர். இது வலுவான மறுப்பு. இடம் எழுதிய படத்தைப் பிறருக்கு அனுப்பும் முன் அவ்வெழுத்தை அழித்துவிடுவதே முறை. கோயிலின் இருப்பிடம் ஊரறிந்தது. வீட்டின் இருப்பிடம் ஊரறிய வேண்டியதன்று.

7. புறனடை

கருதுகோளுக்கு அடங்காத பிழை ஒன்று உண்டு, அது உயரம். செயற்கைக்கோள்கள் உயரத்தை அளப்பது கணிதத்தால் வழவழப்பாக்கப்பட்ட ஒரு பூமியிலிருந்து. உண்மையான கடல்மட்டம் ஈர்ப்பு விசைக்கேற்ப மேடுபள்ளமாக இருக்கிறது. உலகிலேயே ஆழமான அப்பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, 100 மீட்டருக்கும் மேற்பட்டது. அதன் சரிவிலேயே தென் தமிழகம் கிடக்கிறது. இத்திருத்தத்தைச் செய்யாத லாகரோடு குமரிக் கரையில் சூரிய உதயம் எடுத்தால், எடுத்தவர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே நின்றதாகப் பதிவாகும். குமரிக்கண்டம் கடலுக்கடியில் இருக்கிறது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட வேண்டாம் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

8. முடிபு

தீர்வு எளியது. புறப்படும்போது செல்போன் திரையில் ஓடும் மணியைக் கேமராவால் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்துக்குள் பதிந்த நேரத்துக்கும் படத்தில் தெரியும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இரவில் கணினிக்குச் சொல்லிவிட்டால், படங்கள் அனைத்தும் ஒருசேரத் தம் கோயிலுக்குத் திரும்பும்.

ஆகவே பெரியப்பாவின் பத்து நிமிடம் குற்றமன்று. மாறாத பிழை ஒரே எண்ணில் அடங்கும். ‘இது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்’ என்று யாரோ பாதி வழியில், வைத்தீசுவரன் கோயில் குளக்கரையில் உட்கார்ந்து கேமராவைத் திருத்தும்போதுதான் ஆய்வு பாழாகிறது. கொலராடோவிலிருந்து ஜி.பி.எஸ்ஸைக் கட்டுப்படுத்துவோரும் அணுக்கடிகாரங்களை ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு பிசகுகிறது என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கையும் நேரத்தோடு சேர்த்து ஒலிபரப்பச் செய்கிறார்கள். கேட்பவர் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் வீடுகளில் இம்முறை எப்போது தொடங்கியது என்பதற்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் பத்து நிமிடம் கழித்துக்கொள்ளாதவர் அவ்வீடுகளில் எவருமில்லை. புதிதாக வந்த மாப்பிள்ளை ஒருவர் நல்லெண்ணத்தில் நாற்காலி போட்டு ஏறி அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பிவைக்கும் நாளில்தான் மொத்தக் குடும்பமும் ரயிலைத் தவறவிடும்.